பதினோரு நிமிடம் பிந்தும் கடிகாரம்

தூங்குமூஞ்சி மரம் தென்னமெரிக்காவிலிருந்து பத்தொன்பதாம் நூற்றாண்டில் வந்து நம் சாலையோரங்களிலும் பள்ளிக்கூட வளாகங்களிலும் குடை விரித்தது. சாயங்காலம் ஐந்தரை மணி வாக்கில் அதன் அடியில் நின்று அண்ணாந்து பார்த்தால், எதிரெதிரே இருக்கும் சிற்றிலைகள் கை கூப்புவதுபோல மெல்ல நெருங்குவது தெரியும். இருட்டுவதற்குள் மரம் பாதியாக மெலிந்துவிடும். பகலில் நிழல் கெட்டியாக இருந்த இடத்தில் ராத்திரி நட்சத்திரம் தெரியும். அதற்குத் தமிழில் பெயர் வைத்த யாரோ ஒருவர் இதைப் பார்த்துத்தான் வைத்திருக்க வேண்டும்.

புளியமரமும் இப்படித்தான் இலை மூடும். அலெக்சாண்டரின் கடற்படையில் இருந்த ஆண்ட்ரோஸ்தனிஸ் என்பவர், இன்றைய பஹ்ரைன் தீவில் ஒரு மரம் இரவில் இலைகளை மூடிக்கொள்வதைக் கண்டார். அவர் சொன்னதைத் தியோஃப்ராஸ்டஸ் தன் தாவர நூலில் சேர்த்துவைத்தார். அது புளியமரம்தான் என்று தாவரவியலார் கருதுகிறார்கள். உயிர்களின் நாள் தாளத்தைப் பற்றி எழுத்தில் கிடைக்கும் மிகப் பழைய குறிப்பு நம் வீட்டுக் கொல்லை மரத்தைப் பற்றியது என்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமை உண்டு.

ஆனால் இலை மூடுவதைப் பார்ப்பது வேறு, ஏன் மூடுகிறது என்று கேட்பது வேறு. வெளிச்சம் குறைகிறது, அதனால் மூடுகிறது என்றுதான் எவருக்கும் தோன்றும். 1729இல் ழான் ழாக் தெ மேரான் என்ற பிரெஞ்சு வானியலாளர் தொட்டாற்சுருங்கி வகைச் செடியொன்றை இருட்டில் கொண்டுபோய் வைத்துப் பார்த்தார். சூரியனே தெரியாத அந்த இடத்திலும் செடி காலையில் இலை விரித்தது, மாலையில் மூடியது. செடி எப்படியோ சூரியனைக் காணாமலே உணர்கிறது என்று அவர் முடிவு கட்டினார். அந்த முடிவு தவறு. அதைக் காட்ட நூறாண்டு ஆயிற்று. 1832இல் தெ கந்தோல் என்ற தாவரவியலாளர் அதே வகைச் செடியை அணையாத விளக்கொளியில் வைத்தபோது, இலைகள் 24 மணிக்கொருமுறை விரியவில்லை. 22 அல்லது 23 மணிக்கொருமுறை விரிந்தன. முதல் நாளைவிட மறுநாள் முன்னதாக, அதற்கு மறுநாள் இன்னும் முன்னதாக.

நாள் தாளங்களை ஆராயும் துறையின் உயிர்நாடியே 24 மணியை விட்டு விலகும் இந்தப் பிழைதான் என்பது என் எண்ணம். செடி சரியாக 24 மணிக்கொருமுறை இலை விரித்திருந்தால், நமக்குத் தெரியாத ஏதோ ஒரு வழியில் பூமியின் சுழற்சி அதற்கு எட்டுகிறது என்று சந்தேகிக்க இடமிருக்கும். உலகத்தில் எதுவுமே 23 மணிக்கொருமுறை சுற்றுவதில்லை. ஆக, அந்தத் தாளம் வெளியிலிருந்து வரவில்லை. தப்பாக ஓடுகிறது என்பதே உள்ளே ஒரு கடிகாரம் இருப்பதற்கான சாட்சி. பின்னாளில் ஃப்ரான்ஸ் ஹால்பெர்க் இந்தத் தாளங்களுக்குப் பெயர் தேடியபோது, ‘ஏறக்குறைய ஒரு நாள்’ என்று பொருள்படும் லத்தீன் சொற்களைக் கோத்து ‘சர்க்கேடியன்’ என்று வைத்தார். அந்த ‘ஏறக்குறைய’வில்தான் எல்லாம் இருக்கிறது.

மனிதனின் பிழை எவ்வளவு? ஜெர்மனியின் பவேரியாவில், ஆண்டெக்ஸ் என்ற ஊரில், யூர்கன் ஆஷோஃபும் ரூட்கர் வேவரும் 1960களில் நிலத்தடி அறைகளைக் கட்டினார்கள். கடிகாரம், சன்னல், வானொலி எதுவும் கிடையாது. தன்னார்வலர்கள் வாரக்கணக்கில் உள்ளேயே இருந்து, தூக்கம் வந்தபோது விளக்கணைத்துத் தூங்கி, விழித்தபோது விளக்கேற்றி எழுந்தார்கள். அவர்களுடைய ‘நாள்’ சராசரியாக 25 மணி நீண்டது. வெகுகாலம் பாடப்புத்தகங்களில் அந்த எண்தான் இருந்தது.

அதில் ஒரு ஓட்டை இருந்தது: விளக்கின் ஸ்விட்ச் அவர்கள் கையில் இருந்தது. உடலின் கணக்குப்படி இரவு தொடங்கிவிட்ட பிறகும் அவர்கள் விளக்கெரித்து உட்கார்ந்திருந்தார்கள். அந்த வெளிச்சமே கடிகாரத்தைத் தினமும் கொஞ்சம் பின்னுக்கு இழுத்தது. 1999இல் ஹார்வர்டின் சார்லஸ் சைஸ்லர் குழு இதை வேறு வழியில் அளந்தது. 24 பேரை மங்கலான வெளிச்சத்தில், 28 மணி நேர ‘நாள்’ கணக்கில் வாழ வைத்தார்கள். அவ்வளவு நீளமான நாளை உடல் கடிகாரத்தால் பின்தொடர முடியாது, ஆகவே அது தன் போக்கில் ஓடும். உடல் வெப்பத்தையும் ரத்தத்திலுள்ள மெலடோனின், கார்ட்டிசால் ஹார்மோன்களின் அளவுகளையும் வைத்து அந்தப் போக்கைக் கணக்கிட்டபோது கிடைத்த சராசரி 24.18 மணி. அதாவது 24 மணி 11 நிமிடம். இளைஞர்களுக்கும் முதியவர்களுக்கும் இதில் வித்தியாசம் இல்லை.

பதினோரு நிமிடம் என்ன பெரிது என்று தோன்றலாம். திருத்தாமல் விட்டால் மாதத்துக்கு ஐந்தரை மணி. நாலு மாதத்துக்குச் சற்று மேல் போனால் பகல் இரவாகி, மறுபடி பகலாகி ஒரு முழுச்சுற்று வந்துவிடும். இது கற்பனைக் கணக்கு அல்ல. வெளிச்சமே உணர முடியாத பார்வையற்றவர்களில் பலருக்கு இதுதான் வாழ்க்கை. சில வாரம் ராத்திரி நன்றாகத் தூங்குவார்கள், பிறகு சில வாரம் நள்ளிரவில் கொட்டக் கொட்ட விழித்திருந்து நண்பகலில் தூங்கி விழுவார்கள், பிறகு தானாகச் சரியாகும். வீட்டில் இருப்பவர்களுக்கு அது சோம்பலாகவோ மனச்சோர்வாகவோ தெரியும்.

கடிகாரம் உள்ளே இருக்கிறது, சரி. எங்கே? அமெரிக்காவின் கர்ட் ரிக்டர் பல்லாண்டுகள் எலிகளின் உறுப்புகளை ஒவ்வொன்றாக நீக்கிப் பார்த்தார். அட்ரீனல் சுரப்பியை எடுத்தார், பிட்யூட்டரியை எடுத்தார். தாளம் போகவில்லை. மூளையின் அடிப்பகுதியில் ஹைப்போதலாமஸின் முன்பக்கத்தைச் சிதைத்தபோது மட்டும் எலி நேரம் காலம் இல்லாமல் ஓடியது, தின்றது, தூங்கியது. 1972இல் இரண்டு குழுக்கள், ஒன்றையொன்று அறியாமல், இடத்தைத் துல்லியமாகக் குறித்தன: சிகாகோவில் ராபர்ட் மூரும் விக்டர் ஐக்லரும், பெர்க்லியில் ஃப்ரெடரிக் ஸ்டெஃபனும் இர்விங் ஸக்கரும். இரு கண்களின் பார்வை நரம்புகள் ஒன்றையொன்று குறுக்கிடும் சந்திக்கு நேர் மேலே, நடுக்கோட்டுக்கு இருபுறமும் இரண்டு சிறு செல் திரள்கள். பக்கத்துக்குச் சுமார் 10,000 நரம்பணுக்கள். அவற்றின் பெயர் சூப்ராகயாஸ்மாட்டிக் நியூக்ளியஸ். ‘சந்திக்கு மேலே உள்ள கரு’ என்பதுதான் அதன் பொருள். ‘சந்திக்கரு’ என்று நான் சொல்லிக்கொள்கிறேன். இருக்கும் இடத்தையும் கவனியுங்கள். வெளிச்சச் சேதி போகும் பாதையின் மேலேயே கடிகாரம் உட்கார்ந்திருக்கிறது.

ஒன்றைச் சிதைத்தால் தாளம் நின்றுபோகிறது என்பதால் மட்டும் அதுதான் கடிகாரம் என்று ஆகிவிடாது. கடிகாரத்தின் முள்ளை ஒடித்தாலும் நேரம் தெரியாமல்தான் போகும். இந்த ஐயத்தைத் தீர்த்தது ஒரு ஹாம்ஸ்டர். மைக்கேல் மெனேக்கரின் ஆய்வகத்துக்கு வந்து சேர்ந்த ஹாம்ஸ்டர்களில் ஒன்று வினோதமாக நடந்துகொள்வதை மார்ட்டின் ரால்ஃப் கவனித்தார். இருட்டில் மற்றவை ஏறக்குறைய 24 மணிக்கொருமுறை சக்கரத்தில் ஏறி ஓட, இது 22 மணிக்கொருமுறை ஏறியது. அதன் வாரிசுகளில், மாறிய மரபணுவைத் தாய் தந்தை இருவரிடமிருந்தும் பெற்றவை 20 மணிக் கடிகாரத்தோடு பிறந்தன. 1988இல் இதை வெளியிட்டார்கள். 1990இல் வந்த அடுத்த கட்டுரைதான் என்னைப் பொறுத்தவரை இந்தத் துறையின் ஆக அழகான சோதனை. ஒரு ஹாம்ஸ்டரின் சந்திக்கருவை அழித்து, தாளம் நின்றதை உறுதி செய்துகொண்டு, வேறொரு ஹாம்ஸ்டர் கருவின் சந்திக்கருத் திசுவை அந்த இடத்தில் நட்டார்கள். தாளம் திரும்பியது. எந்தத் தாளம்? 20 மணி வம்சத்துத் திசுவைப் பெற்ற சாதாரண ஹாம்ஸ்டர் 20 மணித் தாளத்தில் ஓடியது. சாதாரணத் திசுவைப் பெற்ற 20 மணி ஹாம்ஸ்டர் 24 மணிக்கு மாறியது. உடம்பு யாருடையது என்பது பொருட்டில்லை, திசு யாருடையதோ அவருடைய நேரம். பிழைதான் இங்கேயும் சாட்சி சொன்னது. எல்லா ஹாம்ஸ்டர்களும் ஒரே நேரத்தில் ஓடியிருந்தால் இந்தச் சோதனையைச் செய்தே இருக்க முடியாது.

இனி ஒற்றைச் செல்லுக்குள் போவோம். 1971இல் கலிஃபோர்னியாவில் ரானல்ட் கொனோப்காவும் சீமோர் பென்ஸரும் பழ ஈக்களில் மூன்று பிறழ்வுகளைக் கண்டார்கள். ஒன்றுக்கு 19 மணிக் கடிகாரம், ஒன்றுக்கு 28 மணி, மூன்றாவதற்குக் கடிகாரமே இல்லை. மூன்றும் ஒரே மரபணுவில் நேர்ந்த கோளாறுகள். ‘பீரியட்’ என்ற அந்த மரபணுவை 1984இல் பிரித்தெடுத்து, அது எப்படி வேலை செய்கிறது என்று அடுத்த பதினைந்து ஆண்டுகளில் விளக்கியவர்கள் ஜெஃப்ரி ஹால், மைக்கேல் ராஸ்பாஷ், மைக்கேல் யங். 2017இல் மருத்துவ நோபல் அவர்களுக்குப் போனது. கொனோப்காவும் பென்ஸரும் அதற்குள் காலமாகிவிட்டார்கள்.

அந்த இயக்கத்தைக் கல்யாண மண்டபத்துப் பந்தியை வைத்துச் சொல்லலாம். சாப்பாட்டுக் கூடத்தின் கதவு திறக்கிறது, ஆட்கள் நுழைகிறார்கள். கூடம் நிறைந்ததும், உள்ளே இருப்பவர்களே கதவைச் சாத்தச் சொல்லிவிடுகிறார்கள். சாப்பிட்டு எழுந்து, இலை எடுத்துத் துடைத்த பிறகு கதவு மறுபடி திறக்கிறது, அடுத்த பந்தி. எந்தப் பந்தி எத்தனை மணிக்கு என்று சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து யாரும் தீர்மானிப்பதில்லை. நிறைய எவ்வளவு நேரம், இலை எடுக்க எவ்வளவு நேரம் என்பதே பந்தியின் நீளம். பாலூட்டிகளின் செல்லில் கதவைத் திறப்பவை கிளாக், பிமால் என்ற இரண்டு புரதங்கள். அவை பீரியட், கிரிப்டோக்ரோம் மரபணுக்களை முடுக்குகின்றன. உருவாகும் புரதங்கள் செல்லில் சேர்ந்து, உட்கருவுக்குள் திரும்பிப்போய், தங்களை உருவாக்கிய கிளாக்–பிமால் ஜோடியையே தடுக்கின்றன. பிறகு அவை சிதைந்து தீர்ந்ததும் தடை நீங்குகிறது. இந்தச் சுற்று முடிய ஏறக்குறைய ஒரு நாள்.

இலை எடுக்கும் ஆட்கள் சுறுசுறுப்பானால் பந்தி சீக்கிரம் முடியும். அந்த ஹாம்ஸ்டருக்கு நேர்ந்ததும் அதுதான். பீரியட் புரதத்தில் பாஸ்பேட் முத்திரை குத்தி அதன் ஆயுளைத் தீர்மானிக்கும் நொதி ஒன்றில் மாற்றம் இருப்பதை 2000இல் கண்டுபிடித்தார்கள். மறு ஆண்டே மனிதரிலும் இதன் இணை கிடைத்தது. அமெரிக்காவில் ஒரு குடும்பத்தில் தலைமுறை தலைமுறையாகச் சிலர் மாலை ஏழரைக்கே தூக்கம் தாங்காமல் படுத்து, விடிகாலை நாலரைக்கு எழுந்துவிடுவார்கள். அந்த நொதி முத்திரை குத்தும் இடத்தில், அவர்களுடைய பீரியட்–2 புரதத்தில் ஒரே ஒரு எழுத்து மாறியிருந்தது. இதற்கு மருத்துவ நூல்களில் நீண்ட நோய்ப்பெயர் இருக்கிறது. நம் கிராமங்களில் அப்படி ஒருவர் இருந்தால் நல்ல உழைப்பாளி என்று பெயர் வாங்கியிருப்பார்.

சந்திக்கருவின் 20,000 செல்களில் ஒவ்வொன்றும் இப்படித் தனித்தனியே பந்தி நடத்துகிறது. 1995இல் அவற்றைப் பிரித்துத் தட்டில் வளர்த்தபோது, பக்கத்துப் பக்கத்துச் செல்கள்கூட வெவ்வேறு நேரத்தில் உச்சம் தொட்டன. மூளைக்குள் அவை ஒன்றுக்கொன்று சமிக்ஞை கொடுத்து ஒத்துப்போகின்றன. பகலில் நொடிக்குப் பல முறை மின்துடிப்பு, இரவில் அது வெகுவாகக் குறையும். ஒரு வேடிக்கை: பகலில் திரியும் அணிலுக்கும் இரவில் திரியும் எலிக்கும் சந்திக்கரு பகலில்தான் துடிக்கிறது. அது சொல்வது ‘இப்போது பகல்’ என்ற சேதி மட்டுமே. அதைக் கேட்டு எழுவதா படுப்பதா என்பது உடம்பின் மற்ற பாகங்கள் எடுத்துக்கொள்ளும் பொருள்.

இப்போது ஒளி. கடிகாரத்தைத் திருத்துவது ஒளி என்று சொன்னால், காலையில் சாவி கொடுப்பதுபோல ஏதோ நடக்கிறது என்று நினைக்கத் தோன்றும். நடப்பது அதைவிடச் சூட்சுமமானது. முழு இருட்டில் வாழும் விலங்குக்கு ஒரே ஒருமுறை, கொஞ்ச நேரம் வெளிச்சம் காட்டுங்கள். அது கடிகாரத்தின் முன்னிரவில் விழுந்தால் கடிகாரம் பின்னுக்குப் போகும், மறுநாள் விலங்கு தாமதமாக எழும். பின்னிரவில் விழுந்தால் முன்னுக்குப் போகும். அதன் பகலில் விழுந்தால் அனேகமாக ஒன்றும் நடக்காது. பட்ரீஷியா டிகோர்சி 1960இல் பறக்கும் அணில்களில் இதை வரைபடமாக்கினார். நம் இலக்கணக்காரர்கள் ஒரு நாளை ஆறு சிறுபொழுதுகளாகப் பிரித்தார்கள். ஒளி வந்து தட்டும்போது மூளைக் கடிகாரத்துக்கு மூன்றே பொழுதுதான்: தாமதிக்கும் முன்னிரவு, முந்தும் வைகறை, காது கேளாத பகல்.

ஒரே ஒளி எப்படி இரண்டு எதிரெதிர் வேலை செய்கிறது? பந்திக்குத் திரும்பிப் போனால் விடை எளிது. கண்ணிலிருந்து வரும் நரம்பு சந்திக்கருவில் குளூட்டமேட் என்ற வேதிப்பொருளை உமிழ்கிறது. அதன் தொடர்விளைவாகச் செல்லில் பீரியட் மரபணு முடுக்கப்படுகிறது, அதாவது கூடத்துக்குள் கூடுதலாகச் சில ஆட்கள் தள்ளப்படுகிறார்கள். முன்னிரவில் பந்தி கலைந்துகொண்டிருக்கும். அப்போது ஆள் சேர்த்தால் முடிவதற்கு நேரமாகும், ஆகவே தாமதம். வைகறையில் கூடம் காலியாக, அடுத்த பந்திக்குக் காத்திருக்கும். அப்போது ஆள் நுழைந்தால் பந்தி முன்கூட்டியே தொடங்கும். பகலில் கூடம் ஏற்கெனவே நிறைந்து கிடக்கிறது, வாசலில் நான்கு பேர் கூடுதலாக நின்றால் தெரியப் போவதில்லை. பதினோரு நிமிடம் பிந்தும் நம் கடிகாரத்தை 24 மணிக்குள் நிறுத்த, வைகறைப் பக்கத்து வெளிச்சம் அந்தியைவிடச் சற்றுக் கூடுதலாக வேலை செய்தால் போதும்.

கண்ணில் எந்தச் செல் இந்தச் சேதியை அனுப்புகிறது என்ற கேள்விக்கு விடை கிடைத்தது இந்த நூற்றாண்டில்தான். விழித்திரையில் கோல் செல்கள், கூம்புச் செல்கள் என இரண்டே ஒளி உணர்விகள் என்று 150 ஆண்டுகளாகக் கற்பித்துவந்தார்கள். 1990களில் பிரிட்டனின் ரசல் ஃபாஸ்டர் குழு, கோலும் கூம்பும் இல்லாத எலிகள்கூட வெளிச்சத்துக்கேற்பக் கடிகாரத்தைத் திருத்திக்கொள்வதைக் காட்டியபோது கண் மருத்துவ உலகம் எளிதில் நம்பவில்லை. 1998இல் இக்னேஷியோ ப்ரோவென்சியோ, ஆப்பிரிக்கத் தவளையின் தோலில் நிறம் மாற்றும் செல்களில் மெலனாப்சின் என்ற ஒளி உணர் புரதத்தைக் கண்டார். அதே புரதம் மனித விழித்திரையில், யாரும் எதிர்பார்க்காத உள்ளடுக்கில், மூளைக்குச் சேதி அனுப்பும் கேங்க்லியான் செல்கள் சிலவற்றில் இருந்தது. 2002இல் டேவிட் பெர்சன் அந்தச் செல்கள் தாமாகவே ஒளியை உணர்வதை நிரூபித்தார். பத்து லட்சத்துக்கு மேற்பட்ட கேங்க்லியான் செல்களில் இவை சில ஆயிரம் மட்டுமே. உருவம் காண இவை பெரிதாக உதவுவதில்லை. ஒரு வீட்டு மின்மீட்டர் போல, வெளிச்சம் மொத்தம் எவ்வளவு வந்தது என்று நிதானமாகக் கூட்டிக்கொண்டே இருக்கும். 480 நானோமீட்டர் அருகே, அதாவது பகல் வானத்தின் நீலத்துக்கு, இவற்றின் உணர்வு அதிகம்.

இதில் மருத்துவ விஷயம் ஒன்று பொதிந்திருக்கிறது. 1995இல் சைஸ்லர் குழு, முற்றிலும் பார்வையிழந்த சிலருக்குப் பிரகாசமான ஒளி காட்டியபோது, இரவில் வெளியாகும் மெலடோனின் ஹார்மோனின் சுரப்பு குறைவதைக் கண்டது. அவர்கள் கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. ஆனால் கடிகாரத்துக்குத் தெரிந்தது. பார்வையில்லாத கண்தானே, எடுத்துவிட்டால் என்ன என்று எளிதாக முடிவு செய்யக்கூடாது என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

மதுரைக்கு வருவோம். அங்கே இந்தத் தாளங்களை ஆராய்ந்த எம்.கே. சந்திரசேகரன் (1937–2009) முதலில் எடுத்துக்கொண்டது சென்னைக் கடற்கரையில் அலை வாங்கும் மணலில் புதைந்து வாழும் சிறு நண்டுகளின் தாளத்தை. பிறகு இத்துறையின் முன்னோடி எர்வின் புன்னிங் இருந்த ஜெர்மனியின் ட்யூபிங்கனுக்குப் போய் வுல்ஃப்காங் எங்கல்மனோடு பழ ஈக்களில் ஒளித்துடிப்பு ஆய்வுகள் செய்தார். மதுரை காமராசர் பல்கலைக்கழகத்துக்கு வந்ததும் அவர் கண்ணில் பட்டவை சுற்றுவட்டார மலைக்குகைகளில் வாழும் வௌவால்கள். குகையின் உட்பகுதியில் பகலிலும் கும்மிருட்டு, வெப்பமும் ஈரமும் மாறாத இடம். வெளியே அந்தி சாய்வது உள்ளே தொங்கும் வௌவாலுக்கு எப்படித் தெரியும்? அவரும் ஜி. மாரிமுத்துவும் எஸ். ராஜனும் ஒரு வௌவாலைக் கூண்டிலிட்டு, வௌவால் கூட்டம் வாழும் குகைக்குள் வைத்தார்கள். கூண்டு வௌவால் வெளிச்சத்தையே காணவில்லை, ஆனால் தினமும் கூட்டம் வெளியே கிளம்பும் நேரத்தில் அதுவும் சிறகடித்தது. கூட்டமில்லாத குகைக்குக் கூண்டை மாற்றினால் அதன் தாளம் 24 மணியை விட்டு நழுவி, தன் போக்கில் ஓடியது. கூட்டத்தின் போக்குவரத்தே அதற்கு அந்தியும் விடியலும் ஆகியிருந்தது. 1981இல் வெளியான இந்த ஆய்வு, சமூகச் சேதியும் கடிகாரத்தைத் திருத்தும் என்பதற்கு இன்றும் எடுத்துக்காட்டாகச் சொல்லப்படுகிறது. கூண்டுக்கு வெளியே, சுதந்திரமாக வாழும் வௌவால்கள் மாலையில் குகை வாசல்வரை பறந்து வந்து, வெளிச்சம் இருந்தால் திரும்பிப் போய், மறுபடி வந்து பார்க்கும். பயணத்துக்குக் கிளம்புகிறவர் வாசலில் நின்று வானத்தை அண்ணாந்து பார்ப்பதுபோல. அரை மில்லிநொடி நீடிக்கும் பிரகாசமான மின்னொளியே இந்த வௌவாலின் கடிகாரத்தை நகர்த்தப் போதும் என்பதையும் மதுரைக் குழு காட்டியது.

ஆண்டெக்ஸைப் போலவே மதுரைப் பல்கலைக்கழகத்திலும் மனிதரைத் தனிமையில் வைத்து ஆராயும் அறை ஒன்று இருந்தது. அதில் தங்கிய ஒரு பெண்ணின் தூக்க–விழிப்புச் சுழற்சி 24 மணியை விட்டு விலகி நீண்டபோதும், மாதவிலக்குச் சுழற்சி அதன் பின்னால் போகவில்லை. ஒரே உடம்பில் இரண்டு கணக்குகள், ஒன்றின் புத்தகத்தை மற்றது பார்ப்பதில்லை.

சந்திக்கருவின் சேதி உடம்பெங்கும் போகும் வழிகள் பல. பினியல் சுரப்பிக்குப் போகும் பாதை விசித்திரமானது. மூளையிலிருந்து தண்டுவடத்தில் இறங்கி, கழுத்தின் நரம்பு முடிச்சு ஒன்றுக்கு ஏறி, மறுபடி தலைக்குள் நுழைகிறது. அந்தச் சுரப்பி இரவில் வெளியிடும் மெலடோனினைத் தூக்க ஹார்மோன் என்று எழுதுகிறார்கள். இரவெல்லாம் ஓடித் திரியும் எலிக்கும் அது இரவில்தான் சுரக்கிறது. அதை இருளின் ஹார்மோன் என்றால் பொருந்தும். கல்லீரலுக்குத் தனிக் கடிகாரம் உண்டு, அது வெளிச்சத்தைவிடச் சாப்பாட்டு நேரத்தையே பெரிதும் மதிக்கிறது. நள்ளிரவில் பரோட்டா சாப்பிடுகிறவரின் கல்லீரலும் மூளையும் வேறு வேறு ஊர் நேரத்தில் இருக்கின்றன.

நம் அன்றாடத்துக்கு இதில் என்ன இருக்கிறது? செல்பேசியின் நீல ஒளியைப் பற்றிய பயம் கொஞ்சம் மிகை என்பது என் அபிப்பிராயம். அதைவிடப் பெரிய மாற்றம் நாம் பகலை இழந்ததுதான். டியூப்லைட் எரியும் அறையில் 100 முதல் 300 லக்ஸ் வெளிச்சம் இருக்கும். மேகமூட்டமான நாளில்கூட வாசலில் வந்து நின்றால் 10,000 லக்ஸ், உச்சி வெயிலில் ஒரு லட்சம். நம் கண் இவ்வளவு வித்தியாசத்தைச் சரிக்கட்டிவிடுவதால் அறை நல்ல வெளிச்சமாக இருப்பதாகத் தோன்றுகிறது. கூட்டிக்கொண்டே இருக்கும் மெலனாப்சின் செல்கள் ஏமாறுவதில்லை. அதேசமயம், இரவில் 100 லக்ஸ் அளவு வெளிச்சமே கடிகாரத்தின் மேல் உச்ச விளைவில் பாதியை உண்டாக்கிவிடும் என்று 2000இல் ஓர் ஆய்வு காட்டியது. பகல் மங்கி இரவு வெளுத்தால் கடிகாரம் பிந்தும் பக்கமே சாயும்.

அந்தச் சாய்வை ஒத்து நடந்தால் பாரம் குறையும் ஓர் இடம் இருக்கிறது: ஷிப்ட். மில் ஊர்களில் பகல் ஷிப்ட், அரை நைட், முழு நைட் என்பார்கள். வாரத்துக்கு வாரம் மாறும். மனிதக் கடிகாரம் இயல்பாகவே பிந்துவதால், தாமதமாகத் தூங்கப் பழகுவது எளிது, முன்கூட்டியே தூங்கப் பழகுவது கடினம். 1982இல் சைஸ்லரும் கூட்டாளிகளும் அமெரிக்காவின் உட்டா மாநிலத்தில் ஒரு பொட்டாஷ் ஆலையில் இதைச் சோதித்தார்கள். அங்கே வாரந்தோறும் ஷிப்ட் பின்னோக்கி மாறிக்கொண்டிருந்தது. அதைப் பகலிலிருந்து மாலைக்கு, மாலையிலிருந்து இரவுக்கு என முன்னோக்கித் திருப்பி, ஒரு ஷிப்டில் 21 நாள் இருக்கும்படி அமைத்தபோது தொழிலாளர்களின் திருப்தியும் உற்பத்தியும் கூடின, உடல்நலக் குறைகள் குறைந்தன. 2007இல் உலகச் சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை, உடல் கடிகாரத்தைக் குலைக்கும் இரவு ஷிப்டைப் புற்றுநோய்க்குக் காரணமாகக்கூடிய பட்டியலில் சேர்த்தது.

இரவு வேலையை ஒழிக்க முடியாது. ஆஸ்பத்திரியும் நூற்பாலையும் ரயிலும் ராத்திரி ஓடத்தான் வேண்டும். ஆனால் ஷிப்ட் பட்டியல் போடும் மேஸ்திரிகளும் நர்சிங் கண்காணிப்பாளர்களும் ஒன்றைச் செய்யலாம். முழு நைட் முடித்தவரை அடுத்த வாரம் அரை நைட்டுக்கு இழுக்காமல், பகலிலிருந்து அரை நைட், அரை நைட்டிலிருந்து முழு நைட் என்ற வரிசையில் போடுங்கள். முழு நைட் முடிந்து பகலுக்கு மாறும்போது நடுவில் ஓய்வு நாள் விடுங்கள். இதற்குப் புது இயந்திரமோ கூடுதல் ஆளோ வேண்டாம், பட்டியலை மாற்றி எழுதினால் போதும்.